வரிசைமாற்ற அட்டவணை (கணினிச் சதுரங்கம்)

வரிசைமாற்ற அட்டவணை என்பது, சதுரங்கப் பொறி ஒன்று தனது தேடலின்போது ஏற்கனவே ஆராய்ந்த நிலைகளின் முடிவுகளைச் சேமித்து வைக்கும் நினைவகப் பகுதி ஆகும். இது ஹாஷ் அட்டவணை என்னும் தரவுக் கட்டமைப்பின் ஒரு பயன்பாடு. சதுரங்க மென்பொருள்களின் அமைப்புப் பக்கத்தில் "ஹாஷ்" என்று மட்டும் எழுதி, அருகில் எத்தனை மெகாபைட்டு என்று கேட்கப்படுவது இந்த அட்டவணைக்கான அளவையே. ஒரே நிலை வேறொரு நகர்வு வரிசையின் வழியாக மீண்டும் தோன்றும்போது, பொறி அதனை மறுபடியும் ஆராயாமல் அட்டவணையிலிருந்து விடையை எடுத்துக்கொள்கிறது. ஆயினும் அட்டவணையின் இடம் வரையறுக்கப்பட்டது. எனவே பொறி பலவற்றை மறக்க நேர்கிறது. சில வேளைகளில் பொருந்தாத விடையையும் பெற்றுக்கொள்கிறது. எதை வைத்திருப்பது, வைத்திருப்பதில் எதை நம்புவது என்பனவே இதன் வடிவமைப்பில் எழும் முதன்மையான கேள்விகள் ஆகும்.

நகர்வு வரிசையும் நிலையும்

சதுரங்கத்தில் ஒரே நிலையைப் பல வழிகளில் அடையலாம். 2013ஆம் ஆண்டு சென்னையில் விசுவநாதன் ஆனந்துக்கும் மாக்னஸ் கார்ல்சனுக்கும் இடையே நடைபெற்ற உலக சதுரங்க வாகைப் போட்டியின் ஒன்பதாவது ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நவம்பர் 21 அன்று நடந்த அவ்வாட்டத்தில் ஆனந்த் வெள்ளைக் காய்களுடன் ஆடினார். நிம்சோ-இந்தியத் தற்காப்பின் தொடக்க நகர்வுகளுக்குப் பின், நான்காவது நகர்வில் அவர் எஃப்3இல் காலாளை வைத்தார். கார்ல்சன் டி5 என்று விடையளித்தார். ஐந்தாவது நகர்வில் வெள்ளை ஏ3 ஆட, கருப்பு அமைச்சர் சி3இல் இருந்த குதிரையை வெட்டியது. ஆறாவது நகர்வில் வெள்ளை பி-காலாளால் அந்த அமைச்சரை வெட்டியது.

இதே நிலையை வேறு வரிசையிலும் அடையலாம். வெள்ளை நான்காவது நகர்விலேயே ஏ3 ஆடி, கருப்பு சி3இல் வெட்டி, வெள்ளை திருப்பி வெட்டியபின், கருப்பு டி5 ஆடி, ஆறாவது நகர்வில் வெள்ளை எஃப்3 ஆடினால் பலகையில் காய்கள் சிறிதும் மாறாமல் அதே கட்டங்களில் நிற்கும். அடுத்து நகர்த்த வேண்டியவர் கருப்பு என்பதும் மாறாது. இத்தகைய ஒன்றுசேர்தலே வரிசைமாற்றம் எனப்படுகிறது. தொடக்க ஆட்ட நூல்களைக் கற்ற ஆட்டக்காரருக்கு இது பழக்கமான செய்திதான். ஆனால் கிளை கிளையாகத் தேடிச் செல்லும் கணினி நிரலுக்கு அவ்விரண்டும் வெவ்வேறு கிளைகள். நினைவு எதுவும் இல்லாவிடில் இரண்டின் கீழும் உள்ள அனைத்தையும் அது இருமுறை ஆராயும்.

இழப்பு எவ்வளவு என்பதை எண்ணிக்கையால் அறியலாம். ஆட்டத்தின் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்வுகள் உள்ளன. இருவரும் ஒருமுறை நகர்த்தியபின் 400 வரிசைகள் உண்டாகின்றன. மூன்று அரை நகர்வுகளுக்குப் பின் வரிசைகள் 8,902. ஆனால் அவற்றால் உண்டாகும் வெவ்வேறான நிலைகள் 5,362 மட்டுமே. நான்கில் 1,97,281 வரிசைகளுக்கு நிலைகள் ஏறத்தாழ 72 ஆயிரம். ஐந்தில் 48,65,609 வரிசைகளுக்கு எட்டு இலட்சத்துச் சொச்சம். ஆழம் கூடக் கூட இடைவெளி பெருகுகிறது.

இதனைச் சாலை வழிகளோடு ஒப்பிடலாம். சேலத்திலிருந்து ஒகேனக்கல் செல்பவர் தொப்பூர், தருமபுரி வழியாகப் பென்னாகரத்தை அடையலாம். மேச்சேரி, பெரும்பாலை வழியாகவும் பென்னாகரத்தை அடையலாம். எவ்வழியில் வந்தாலும் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் வரையான ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஒரே பாதை. ஒருமுறை அதனை அளந்து "பென்னாகரம்" என்ற பெயருக்கு எதிரே குறித்து வைத்தவர், இரண்டாம் வழியை ஆராயும்போது பென்னாகரத்துடன் நின்றுகொள்ளலாம். அட்டவணை செய்வதும் இதுவே. ஊருக்குப் பெயர் உண்டு. சதுரங்க நிலைக்குப் பெயர் எது என்பதுதான் முதல் சிக்கல்.

சோப்ரிஸ்ட் முறை

நிலைக்குப் பெயரிடும் வழியாக இன்றும் பெரும்பாலான பொறிகள் பின்பற்றுவது, ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் 1970இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப அறிக்கை ஒன்றில் விவரித்த முறையாகும். சதுரங்கத்தில் இரு நிறத்திலும் சேர்த்துக் காய் வகைகள் 12. கட்டங்கள் 64. ஆகவே "இந்தக் காய் இந்தக் கட்டத்தில்" என்னும் கூற்றுகள் 768. இவை ஒவ்வொன்றுக்கும் 64 பிட்டு நீளமுள்ள ஒரு சமவாய்ப்பு எண் முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. நகர்த்த வேண்டியவர் யார் என்பதற்கு ஓர் எண், கோட்டை கட்டும் உரிமைகளுக்கு நான்கு, போகும்போது பிடித்தல் எந்த நிரலில் இயலும் என்பதற்கு எட்டு. ஆக மொத்தம் 781 எண்கள். ஒரு நிலையில் உண்மையாக உள்ள கூற்றுகளுக்குரிய எண்களை எக்ஸ்-ஆர் என்னும் பிட்டுச் செயலால் இணைத்தால் கிடைப்பதே அந்நிலையின் திறவுகோல்.

எக்ஸ்-ஆர் செயலில் இரு பிட்டுகள் ஒன்றாக இருந்தால் விடை 0, வேறாக இருந்தால் 1. இதன் அரிய பண்பு, அதே எண்ணை இருமுறை இணைத்தால் பழைய எண்ணே மீள்வதாகும். விளக்கத்திற்காக நான்கு பிட்டு எண்களைக் கொள்வோம். நிலையின் திறவுகோல் 1101 எனவும், ஜி1இல் உள்ள வெள்ளைக் குதிரைக்குரிய எண் 1011 எனவும், எஃப்3இல் உள்ள அதே குதிரைக்குரிய எண் 0011 எனவும் இருக்கட்டும். குதிரையை எடுக்க 1101 உடன் 1011ஐ இணைத்தால் 0110 வருகிறது. எஃப்3இல் வைக்க அதனுடன் 0011ஐ இணைத்தால் 0101. நகர்வைத் திரும்பப் பெற அதே இரண்டையும் மீண்டும் இணைத்தால் 1101 வந்துவிடுகிறது. (நகர்த்துபவர் மாறுவதற்குரிய எண் இங்கு எளிமைக்காக விடப்பட்டுள்ளது.) பலகை முழுவதையும் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டியதில்லை. ஒரு நகர்வுக்குச் சில கணிப்புகளே போதும். நொடிக்கு இலட்சக்கணக்கான நிலைகளைக் காணும் நிரலுக்கு இச்சிக்கனம் இன்றியமையாதது.

இணைக்கும் வரிசை எதுவாயினும் எக்ஸ்-ஆரின் விடை மாறுவதில்லை. ஆகவே சென்னை ஆட்டத்தின் இரு வரிசைகளும் தாமாகவே ஒரே திறவுகோலைத் தருகின்றன. திறவுகோலின் ஒரு பகுதி, அட்டவணையில் எந்த இடத்தைப் பார்ப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. மறு பகுதி, அங்குள்ள பதிவு உண்மையில் இந்நிலைக்கு உரியதுதானா என்று சரிபார்க்க உதவுகிறது.

பதிவில் என்ன இருக்கிறது

ஒரு பதிவில் பொதுவாக நிலையின் மதிப்பு, எத்தனை அரை நகர்வு ஆழத்திற்குத் தேடி அம்மதிப்பு பெறப்பட்டது என்பது, சிறந்ததாகக் கண்ட நகர்வு, மதிப்பின் வகை ஆகியன இருக்கும். மதிப்பின் வகை என்பது புதிதாகப் பயில்பவர்கள் பெரிதும் குழம்பும் இடம். ஆல்ஃபா-பீட்டா தேடலில், எதிராளியின் ஒரு நல்ல மறுமொழி கிடைத்தவுடனேயே அக்கிளை கைவிடப்படுகிறது. அவ்வாறு கைவிடப்பட்ட நிலையின் துல்லியமான மதிப்பு எவருக்கும் தெரியாது. "குறைந்தது இவ்வளவு" அல்லது "அதிகம் போனால் இவ்வளவு" என்று மட்டுமே சொல்ல முடியும். எனவே பதிவில் துல்லிய மதிப்பு, கீழ் எல்லை, மேல் எல்லை என்னும் மூன்றில் எது என்று குறிக்கப்பட வேண்டும். கீழ் எல்லையைத் துல்லிய மதிப்பாகக் கொண்டுவிடும் நிரல், தவறு எங்கே என்று எளிதில் அறிய முடியாத வகையில் மோசமாக ஆடும்.

சேமித்த ஆழம் இப்போது தேவைப்படும் ஆழத்திற்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே மதிப்பு பயன்படுத்தப்படுகிறது. குறைவாயினும் பதிவு வீணாவதில்லை. அதிலுள்ள நகர்வு முதலில் ஆராயப்படுகிறது. பொறிகள் ஆழம் 1, 2, 3 என்று படிப்படியாகத் தேடுவதால் முந்தைய சுற்றின் சிறந்த நகர்வு பெரும்பாலும் அடுத்த சுற்றிலும் சிறந்ததாகவோ நல்லதாகவோ அமைகிறது. நல்ல நகர்வை முதலில் பார்த்தால் ஆல்ஃபா-பீட்டா முறை மிகுதியான கிளைகளை வெட்டிவிடும். நடு ஆட்டத்தில் அட்டவணையின் பெரும் பயன் நிலைகளை மீண்டும் தேடாமல் விடுவதில் அன்று, இவ்வாறு நகர்வுகளை வரிசைப்படுத்துவதிலேயே உள்ளது எனலாம்.

இறுதி முற்றுகை மதிப்புகளுக்குத் தனிக் கவனம் தேவை. "தேடலின் தொடக்கத்திலிருந்து ஒன்பதாவது நகர்வில் முற்றுகை" என்று சேமித்தால், வேறு வழியில் அதே நிலைக்கு வரும்போது அவ்வெண் பொய்யாகும். பென்னாகரத்துக்கு எதிரே குறிக்க வேண்டியது அங்கிருந்து ஒகேனக்கல் வரையான தொலைவே, சேலத்திலிருந்து உள்ள தொலைவு அன்று. இதைத் தவறவிட்ட நிரல்கள் வென்ற ஆட்டத்திலும் முற்றுகையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே செல்வதுண்டு.

வரலாறு

ஆராய்ந்த நிலைகளை நினைவில் வைக்கும் எண்ணம் சதுரங்கத்துக்கு முன்பே டிராஃப்ட்ஸ் ஆட்டத்தில் தோன்றியது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆர்தர் சாமுவேல், 1959இல் வெளியான கட்டுரையில், தமது நிரல் நிலைகளையும் மதிப்புகளையும் காந்த நாடாவில் சேமித்துக் கற்பதை விவரித்துள்ளார். சதுரங்கத்தில் வரிசைமாற்ற அட்டவணையை முதலில் பயன்படுத்திய நிரலாக மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் எழுதிய மாக் ஹாக் குறிப்பிடப்படுகிறது. பி.டி.பி-6 கணினியில் இயங்கிய அது 1967இல் மனிதர்களுக்கான போட்டிகளில் பங்கேற்றது. 1970களில் வடமேற்குப் பல்கலைக்கழகத்தின் செஸ் 4.5 போன்ற நிரல்கள் வழியாக இம்முறை பரவியது.

ஃபைன் 70

அட்டவணையின் ஆற்றலைக் காட்டப் பொறி எழுதுவோர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நிலை, ரூபன் ஃபைன் 1941இல் வெளியிட்ட இறுதி ஆட்ட நூலின் 70ஆம் படம். இது லாஸ்கர், ரைக்கெல்ம் ஆகியோரின் பெயரால் அறியப்படும் 1901ஆம் ஆண்டுப் புதிர். வெள்ளை அரசன் ஏ1இலும், காலாட்கள் ஏ4, டி4, டி5, எஃப்4 ஆகியவற்றிலும் உள்ளன. கருப்பு அரசன் ஏ7இலும், காலாட்கள் ஏ5, டி6, எஃப்5 ஆகியவற்றிலும் உள்ளன. நகர்த்துவது வெள்ளை. வெல்வதற்கு ஒரே நகர்வு அரசனைப் பி1க்குக் கொண்டு செல்வது. இயல்பாகத் தோன்றும் பி2 வெற்றியைக் கைநழுவவிடும். ஆனால் பி1இன் பயன் இருபதுக்கும் மேற்பட்ட அரை நகர்வுகளுக்கு அப்பால்தான் தெரியவரும்.

ஒவ்வொரு முறையும் ஐந்து தெரிவுகள் என்று கொண்டாலும் இருபது அரை நகர்வுகளில் வரிசைகள் 95 இலட்சம் கோடியைத் தாண்டும். ஆனால் நிலைகளை எண்ணிப் பார்த்தால் வியப்பு உண்டாகும். காலாட்கள் யாவும் ஒன்றையொன்று தடுத்து நிற்கின்றன. வெட்டு நிகழும்வரை நகரக்கூடியவை இரு அரசர்கள் மட்டுமே. எனவே நிலைகள் 64 × 64 × 2, அதாவது 8,192க்கு மேல் இருக்க இயலாது. அட்டவணை இல்லாத நிரல் திக்குமுக்காடும் இப்புதிரை, அட்டவணை உள்ள எளிய நிரல் சாதாரணக் கணினியில் நொடிப்பொழுதில் தீர்க்கிறது. புதிதாக எழுதிய நிரல் பி1ஐக் காணத் தவறினால் அட்டவணையில் பிழை உள்ளதென்று ஐயுறலாம்.

மறத்தல்

நீண்ட தேடலில் காணும் நிலைகள் அட்டவணையின் கொள்ளளவை விரைவில் மிஞ்சிவிடும். திறந்த மூல நிரலான ஸ்டாக்ஃபிஷின் 16ஆம் வெளியீட்டில் (2023) ஒரு பதிவு 10 பைட்டு இடம்பெறுகிறது. மூன்று பதிவுகளும் இரண்டு நிரப்புப் பைட்டுகளும் சேர்ந்து 32 பைட்டுக் கொத்து ஆகின்றன. பயனர் எதுவும் மாற்றாவிட்டால் ஒதுக்கப்படும் 16 மெகாபைட்டில் 5,24,288 கொத்துகள், அதாவது 15,72,864 பதிவுகள் அடங்கும். தற்காலக் கணினியில் இது சில நொடிகளிலேயே நிரம்பிவிடும்.

நிரம்பியபின் எதை நீக்குவது? ஆழமாகத் தேடிப் பெற்றதை வைத்திருப்பது முதல் எண்ணம். அதில் உழைப்பு மிகுதி. ஆனால் அதனை மட்டும் பின்பற்றினால், ஆட்டத்தில் இனி வரவே முடியாத பழைய நிலைகள் அட்டவணையை அடைத்துக்கொள்ளும். எப்போதும் புதியதை எழுதினால் விலையுயர்ந்த பதிவுகள் மலிவானவற்றால் அழியும். ஆகவே பொறிகள் இரண்டையும் கலக்கின்றன. பதிவு எந்தத் தேடலில் எழுதப்பட்டது என்னும் தலைமுறை எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு கொத்தில் ஆழம் குறைந்ததும் பழையதுமானதை நீக்குகின்றன.

அட்டவணையைப் பெரிதாக்குவது நன்றே, ஆயினும் கணினியில் உள்ள நினைவகத்துக்கு உட்பட்டே. நினைவகம் குறைந்த மடிக்கணினியில் அளவுக்கு மீறி ஒதுக்கினால் இயக்குதளம் அட்டவணையின் பகுதிகளை வட்டுக்கு மாற்றத் தொடங்கும். அப்போது பொறியின் வேகம் பெரிதும் வீழும்.

மோதல்

சதுரங்க நிலைகள் 64 பிட்டு எண்களைவிடப் பல மடங்கு மிகுதி. எனவே இரு வேறு நிலைகள் ஒரே திறவுகோலைப் பெறுவது தவிர்க்க இயலாதது. அத்துடன் இடத்தை மிச்சப்படுத்தத் திறவுகோல் முழுவதும் பதிவில் எழுதப்படுவதில்லை. மேற்சொன்ன ஸ்டாக்ஃபிஷ் பதிவில் சரிபார்ப்புக்கென உள்ளது 16 பிட்டு மட்டுமே. மூன்று பதிவுகளும் வேறு நிலைகளுக்குரியவையாக உள்ள கொத்தில், ஒன்று தற்செயலாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு 65,536இல் மூன்று, அதாவது ஏறத்தாழ 22 ஆயிரத்தில் ஒன்று. கோடிக்கணக்கான முறை பார்க்கும்போது இது அரிதான நிகழ்ச்சி அன்று. ஆதலால் பதிவிலுள்ள நகர்வு இந்நிலையில் ஆடக்கூடியதா என்று பொறி சோதித்த பின்னரே அதனை ஆடிப் பார்க்கிறது. சோதிக்காவிடில் இல்லாத குதிரையை நகர்த்த முயன்று நிரல் முறியக்கூடும்.

தவறான மதிப்புகள் ஆட்டத்தை எவ்வளவு கெடுக்கும் என்பதை ராபர்ட் ஹயட், ஆன்டனி கோசி ஆகியோர் 2005இல் செயற்கையாக மோதல்களை உண்டாக்கி ஆராய்ந்தனர். பலரும் அஞ்சியதற்கு மாறாக, குறைந்த அளவிலான பிழைகள் தேர்ந்தெடுக்கப்படும் நகர்வை மாற்றுவது அரிது என்று கண்டனர். பொய்யான மதிப்பு தேடல் மரத்தின் வேர்வரை ஏறிவர வழியில் உள்ள ஒவ்வொரு கணுவிலும் அதுவே மேம்பட்டதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அவ்வாறு நேர்வதில்லை.

கடந்துவந்த பாதை

மோதலைவிட நுட்பமான குறை ஒன்று உள்ளது. இங்குப் பென்னாகரத்து உவமையும் தவறுகிறது. இரு வண்டிகள் பென்னாகரத்தை அடைந்தாலும் ஒன்றில் எரிபொருள் நிறைந்தும் மற்றொன்றில் தீர்ந்தும் இருக்கலாம். ஊர் ஒன்றே, பாதை ஒன்றே, ஆனால் மேற்கொண்டு செல்ல இயலுமா என்பது வந்த வழியைப் பொறுத்தது. சதுரங்கத்திலும் மும்முறை நிலை மீண்டால் சமநிலை, வெட்டும் காலாள் நகர்வும் இன்றி இருவரும் ஐம்பது நகர்வுகள் ஆடினால் சமநிலை என்னும் விதிகள் கடந்துவந்த பாதையைப் பொறுத்தவை. சோப்ரிஸ்ட் திறவுகோலில் அப்பாதை இல்லை. இதனால் ஒரு வழியில் வெற்றியாகக் கணித்த நிலை மற்றொரு வழியில் வெறும் சமநிலையாக இருக்கும்போதும் அட்டவணை "வெற்றி" என்றே விடை தரும். பின்னாளில் டீப் புளூ குழுவில் இடம்பெற்ற மரே காம்பல் 1985இல் இச்சிக்கலைப் பற்றி எழுதினார்.

முழுப் பாதையையும் திறவுகோலில் சேர்த்தால் சிக்கல் தீரும், ஆனால் வரிசைமாற்றங்கள் ஒன்றுசேராமல் அட்டவணையின் பயனே போய்விடும். எனவே பொறிகள் குறையை ஏற்றுக்கொண்டு ஆங்காங்கே தடுப்பு வைக்கின்றன. ஸ்டாக்ஃபிஷ் 16, ஐம்பது நகர்வு விதியின் எண்ணிக்கை 90 அரை நகர்வுகளை எட்டியபின் சேமித்த மதிப்பை மட்டும் நம்பித் தேடலை நிறுத்துவதில்லை.

ஆய்வில் ஏற்படும் விளைவு

பொறியைக் கொண்டு ஆட்டங்களை ஆராயும் மாணவர்கள் இதனை நேரிலேயே காணலாம். ஒரு நிலையில் பொறி "சமம்" என்கிறது. மாணவர் சில நகர்வுகள் முன்னே சென்று பார்க்கிறார். அங்கு வெள்ளைக்குத் தெளிவான மேன்மை தெரிகிறது. திரும்பப் பழைய நிலைக்கு வந்தால் இப்போது பொறி அங்கும் மேன்மை என்கிறது. முன்னே சென்றபோது எழுதப்பட்ட ஆழமான பதிவுகளைத் திரும்பி வந்தபோது அது படித்துக்கொண்டதே காரணம். இது பிழையன்று. நெடுங்காலமாக ஆய்வாளர்கள் இவ்வாறு முன்னும் பின்னும் சென்று பொறிக்குக் "கற்பிக்கும்" வழக்கம் உண்டு. ஆனால் இரு பொறிகளை ஒப்பிடவோ, ஒரே ஆய்வை மீண்டும் செய்து சரிபார்க்கவோ வேண்டுமெனில் முதலில் அட்டவணையை அழித்துவிட வேண்டும். ஒரே இழையில், வெற்று அட்டவணையுடன், குறித்த ஆழம் வரை தேடினால் விடை ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும்.

பல இழைகளில் அவ்வாறு இராது. ஸ்டாக்ஃபிஷ் 7 (2016) முதல் அதன் இழைகள் ஒரே நிலையைத் தனித்தனியே தேடுகின்றன. அவை தம்முள் செய்தி பரிமாறும் முதன்மையான இடம் பொதுவான வரிசைமாற்ற அட்டவணையே. ஓர் இழை எழுதியதை மற்றொன்று எப்போது படிக்கிறது என்பது நொடியின் மிகச் சிறு பகுதிகளைப் பொறுத்ததாகையால் விடை முறைக்கு முறை சற்று மாறும். இரு இழைகள் ஒரே பதிவை ஒரே வேளையில் எழுதினால் பாதிக்குப் பாதி கலந்த பதிவு உண்டாகலாம். இதற்குப் பூட்டுப் போட்டால் வேகம் குறையும். 2002இல் ஹயட்டும் திமோதி மானும் முன்வைத்த தீர்வில், திறவுகோலை அப்படியே எழுதாமல் பதிவின் தரவுடன் எக்ஸ்-ஆர் செய்து எழுதுகின்றனர். படிக்கும்போது மீண்டும் எக்ஸ்-ஆர் செய்தால் சரியான திறவுகோல் வர வேண்டும். கலந்துபோன பதிவில் அது வராது. அத்தகைய பதிவை நிரல் இல்லாததாகவே கொள்ளும்.